தொட்டியிலே ஒரு நோயாளி



உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? நெற்றியில் கை வைத்துப் பார்ப்பீர்கள். நாக்கை நீட்டச் சொல்வீர்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பீர்கள். அன்று மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் சாப்பாடு. அதற்கும் மசியாவிட்டால் டாக்டர்.

ஆனால், நோயாளியைத் தொட்டாலே ஆகாது, வாய் திறந்து முனகவும் தெரியாது, கண்ணை மூட இமைகூடக் கிடையாது என்றால் என்ன செய்வீர்கள்?

அப்படி ஒரு நோயாளிக்கு 2023-ம் வருஷம் மே மாதத்தில் நான் நர்ஸ் உத்தியோகம் பார்த்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நோயை வரவழைத்ததே நான்தான். அந்தக் கதையை உங்களிடம் சொல்லிவிட்டால் மனசும் லேசாகும். உங்களில் யாராவது ஒருவருக்கு உபயோகமாகவும் இருக்கும்.

நோயாளியின் பெயர் ரோஜா. ஜாதியில் ஆக்ஸலாட்டல்.

இந்த நாளில் குழந்தைகள் இருக்கிற வீடுகளில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் 2021-ல் இது வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பென்சில் டப்பாவில் ஆக்ஸலாட்டல், பனியனில் ஆக்ஸலாட்டல், தலையணையில் ஆக்ஸலாட்டல்! தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். பல்லிக்கும் மீனுக்கும் நடுவில் பிரம்மதேவன் ஏதோ யோசனையில் நிறுத்திவிட்டது போல உருவம். நாலு கால்கள். மீன் மாதிரி வால். தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இறகு வைத்தாற்போல் செவுள்கள். வாய் எப்போதும் சிரித்த மாதிரியே இருக்கும். உண்மையில் இது தவளைக்குத் தூரத்து உறவு. சாலமாண்டர் என்கிற இனம். தவளைக் குஞ்சு வளர்ந்து, செவுள் போய்த் தரைக்கு வந்துவிடுகிறது அல்லவா? இது மட்டும் கடைசி வரை குழந்தையாகவே ஜலத்தில் இருந்துவிடுகிறது. நல்லபடியாக வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

என் அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வருஷமாகக் கெஞ்சி, பரீட்சையில் மார்க் வாங்கிக் காட்டி, இதை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புச் செவுள், ஆகவே ரோஜா. அக்கா குடியிருப்பது நாங்கள் இருக்கும் அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே.

மே மாதம் அக்கா குடும்பம் பன்னிரண்டு நாள் கோயமுத்தூர், ஊட்டி என்று புறப்பட்டது. சாவி என் கையில். பையன் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தான்.

"சித்தி, இதுல எல்லாம் எழுதியிருக்கேன். வாரத்துக்கு மூணு தடவைதான் சாப்பாடு. சில்லரை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றான்.

"நீயும் உன் அம்மாவும் பிறக்கறத்துக்கு முன்னாலேருந்து நான் குடித்தனம் பண்றவ மாதிரி பேசறேன் பார்" என்று சிரித்துவிட்டு நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

நான் செய்த இரண்டு உபகாரங்கள்

சில்லர் என்பது தொட்டி ஜலத்தைக் குளிரச் செய்யும் ஒரு சின்ன யந்திரம். ஆளில்லாத வீட்டில் அது ராத்திரி பகலாக 'உர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்கு வருகிற கரண்டு பில்லை நினைத்தேன். 'ராத்திரியில் வெயிலா அடிக்கிறது?' என்று சாயங்காலம் ஸ்விட்சை அணைத்துக் காலையில் போட ஆரம்பித்தேன். இது முதல் உபகாரம்.

இரண்டாவது, விருந்தோம்பல். வாரத்துக்கு மூன்று தடவை சாப்பாடு என்றால் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? கண்ணாடிப் பக்கம் போனால் அது சிரித்த முகமாக எட்டிப் பார்க்கிறது. 'பசிக்கிறதோ, என்னவோ' என்று தினமும் இறால் துண்டு போட்டேன். அது தின்றது பாதி. மீதி மரக்கட்டைக்குப் பின்னால் போய்க் கிடந்து அழுகியது. நான் பார்க்கவில்லை.

நாலாம் நாள் செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தன. வால் நுனி கொக்கி போலச் சுருண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அழகாக இருக்கிறதே' என்று போட்டோ எடுத்து ஊட்டிக்கு அனுப்பினேன்! மலைமேல் சிக்னல் இல்லாததால் அது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்தாம் நாள் இறாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலை, வலது பக்கச் செவுளில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ இருந்தது. ரோஜா என்ற பெயருக்கே பொருத்தமில்லாமல் உடம்பு வெளுத்துப் போயிருந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சேத்துப்புண் மாதிரி இருக்கு. மஞ்சளைக் குழைச்சுப் பூசேன்" என்றாள். மீன் கடை ஒன்றுக்கு டெலிபோன் செய்தேன். "பச்சை மருந்து தர்றேம்மா, ஒரு மூடி ஊத்துங்க, எல்லாம் போயிடும்" என்றார்கள். பையனை அனுப்பி அதையும் வாங்கிவிட்டேன். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நோட்டுப் புத்தகத்தின் நினைவு வந்தது. அதன் பின்னட்டையில், அயல்நாட்டுப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரின் நம்பரைப் பையன் எழுதி வைத்திருந்தான்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

நான் பதற்றத்தோடு பஞ்சு, வால், செவுள் என்று வர்ணித்துக்கொண்டே போனேன். டாக்டர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாலு கேள்வி கேட்டார்.

"தொட்டி ஜலத்தின் உஷ்ணம் எவ்வளவு?"

"கடைசியாக எப்போது ஜலம் மாற்றினீர்கள்?"

"அம்மோனியா பரிசோதனை செய்தீர்களா?"

"தின்னாத ஆகாரம் உள்ளே கிடக்கிறதா?"

கவனித்தீர்களா, வாசகிகளே? நோயாளியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நாலும் ஜலத்தைப் பற்றித்தான்.

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 27 டிகிரி. "பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் இருக்க வேண்டும் அம்மா. இருபதைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். இருபத்து நாலுக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து" என்றார். பிறகு, "கையில் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள்? லேபிளைப் படியுங்கள்" என்றார். படித்தேன். மாலகைட் பச்சை. "அப்படியே மூடி வைத்துவிடுங்கள்" என்றார்.

அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னதையும், பிறகு நானாகப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஊட்டிக்குப் போக வேண்டியவர் யார்?

ஆக்ஸலாட்டலின் பிறந்த வீடு மெக்ஸிகோ தேசம். மெக்ஸிகோ நகரத்தின் தெற்கே ஸொச்சிமில்கோ என்ற இடத்தில் பழைய ஏரியின் மிச்சமாக வாய்க்கால்கள் ஓடுகின்றன. உலகத்தில் இது இயற்கையாக வாழ்வது அங்கே மட்டும்தான். அந்த நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான்! ஊட்டிக்குப் போயிருக்க வேண்டிய பிராணியைச் சென்னையில் விட்டுவிட்டு, அக்கா குடும்பம் ஊட்டிக்குப் போயிருந்தது. நானோ அதற்கு இருந்த ஒரே குளிர்ச்சியையும் ராத்திரியில் அணைத்து வைத்தேன்.

உஷ்ணம் ஏறினால் என்ன ஆகிறது? சூடான ஜலத்தில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். பிராணிக்கோ அப்போதுதான் அது அதிகம் வேண்டும். கழிவிலிருந்தும் அழுகும் ஆகாரத்திலிருந்தும் வருகிற அம்மோனியாவின் விஷமும் உஷ்ணத்தில் கூடுகிறது. பூஞ்சைக்கும் கிருமிக்கும் கொண்டாட்டம். நமக்குப் புழுக்கமாக இருந்தால் ஜன்னலைத் திறக்கிறோம், மொட்டை மாடிக்குப் போகிறோம். அது எங்கே போகும்? மூச்சு விடுவதும் அந்த ஜலத்தில். கழிப்பதும் அதே ஜலத்தில். செவுளால் மட்டுமல்ல, தோலாலும் அது சுவாசிக்கிறது. ஆகவே ஜலத்தில் எது கலந்திருக்கிறதோ அது நேரே உடம்புக்குள் போய்விடும். நல்லதானாலும் சரி, மாலகைட் பச்சையானாலும் சரி. செம்பு கலந்த மருந்து, ஃபார்மலின் இவையும் அப்படித்தான். மீன் தாங்குகிற மருந்தை இது தாங்காது.

உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாயால் சொல்லாவிட்டாலும் உடம்பால் சொல்கிறது. நமக்குத்தான் படிக்கத் தெரிய வேண்டும்.

செவுள்கள் முன்பக்கம் வளைந்தும், வால் நுனி சுருண்டும் இருந்தால், ஏதோ தொந்தரவு என்று அர்த்தம். ஜலம் சூடாக இருக்கலாம், அசுத்தமாக இருக்கலாம், பில்டரிலிருந்து ஜலம் வேகமாகப் பாயலாம். இதுதான் முதல் எச்சரிக்கை. நான் போட்டோ எடுத்தேனே, அந்த நிலைமை.

செவுளின் இறகுகள் குட்டையாகிக்கொண்டே வந்தாலும், தோல் சிவந்து உரிந்தாலும், பிராணி வெறி பிடித்தாற்போல் அங்குமிங்கும் ஓடினாலும் அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஜலத்தைப் பரிசோதிக்கும் பெட்டி மீன் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது.

வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது பூஞ்சை. சாதாரணமாகக் காயம் பட்ட இடத்திலோ, உடம்பு தளர்ந்திருக்கும்போதோதான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பந்து மாதிரி மேலே மிதந்துகொண்டு, கீழே இறங்க முடியாமல் தவித்தால் வயிற்றில் வாயு சேர்ந்திருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், கல்லை விழுங்கியிருக்கலாம். இதற்குக் கண் பார்வை மட்டம். வாயருகே வருவதை 'சர்'ரென்று உறிஞ்சி விழுங்கும் சுபாவம். தொட்டிக்கு அழகாக இருக்கட்டுமே என்று நாம் போடுகிற கூழாங்கல்லும் அதில் போய்விடும். அதன் தலையைவிடச் சிறிய கல் எதையும் உள்ளே போடாதீர்கள். சும்மா அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால், ஜலத்தில் பிராணவாயு போதவில்லை என்று கொள்ளலாம்.

காலிலோ வயிற்றிலோ சிவப்புத் திட்டுகள், உடம்பு பூராவும் வீக்கம், ஆறாத புண் இவை கண்டால் கைவைத்தியம் கூடாது. உள்ளே கிருமி பரவியிருக்கலாம். உடனே டாக்டர்.

சாப்பிடாமல் இருப்பது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அலறிப் புடைத்துக்கொள்ள வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான ஆக்ஸலாட்டல் இரண்டு வாரம்கூடப் பட்டினி தாங்கும். மேலேயிருந்து பார்த்தால் வயிற்றின் அகலம் தலையின் அகலம் அளவுக்கு இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் மற்ற அடையாளங்களோடு சேர்ந்து சாப்பாட்டையும் மறுத்தால் அலட்சியம் செய்யக் கூடாது.

நடந்த சிகிச்சை

டாக்டர் சொன்னபடி முதலில் ரோஜாவை வேறு இடத்துக்கு மாற்றினேன். இதற்குப் புது பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். ஆனால் சோப்புப் படாததாக இருக்க வேண்டும். கையால் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு டப்பாவை ஜலத்துக்குள் சாய்த்து, மெதுவாக அதற்குள் வரச் செய்து, ஜலத்தோடு எடுத்தேன். கையெல்லாம் நடுங்கியது. குழந்தையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை தூக்கி வந்த நாள் நினைவுக்கு வந்தது.

டப்பில் விடுவது என்ன ஜலம்? 'வீட்டிலேயே உசத்தியான ஜலம் ஆர்.ஓ. ஜலம்தானே' என்று கேட்டேன். "அதை நீங்கள் குடியுங்கள்" என்றார் டாக்டர். ஆர்.ஓ. யந்திரம் உப்புச் சத்துக்களையெல்லாம் எடுத்துவிடுகிறது. இந்தப் பிராணிக்கோ கொஞ்சம் கடின ஜலம்தான் பிடிக்கும். குழாய் ஜலமே போதும். ஆனால் அதிலுள்ள குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை விட்ட பிறகே உபயோகிக்க வேண்டும்.

அடுத்தபடி குளிர்ச்சி. ஐஸ் கட்டியை நேரே கொட்டக் கூடாது. ஒரேயடியாகக் குளிர்ந்தால் அதுவும் அதிர்ச்சி. பாட்டிலில் ஜலம் ஊற்றி உறைய வைத்து, மூடியைத் திறக்காமல் டப்பில் மிதக்கவிட்டேன். ஒன்று உருகுவதற்குள் இன்னொன்று தயார். 27-லிருந்து 18-க்கு மெதுவாக, ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு இறக்கினேன். அன்று எங்கள் வீட்டு ரெப்ரிஜிரேட்டரில் தோசை மாவுக்கு இடமில்லை! எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் உப்புமா சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

தினம் ஒரு தடவை டப்பிலுள்ள ஜலம் முழுவதையும் மாற்றினேன். புது ஜலத்தையும் அதே குளிர்ச்சிக்குக் கொண்டு வந்த பிறகுதான் நோயாளியை விடவேண்டும். மேலே ஒரு கறுப்புத் துணி போட்டு இருட்டாக வைத்தேன். இமை இல்லாத கண் அல்லவா? வெளிச்சம் உறுத்தும்.

பஞ்சுக்கு உப்பு ஸ்நானம். டாக்டர் சொன்ன அளவு இது: தனிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் ஜலத்துக்கு இரண்டு டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு. அதில் பத்தே நிமிஷம். பதினைந்து நிமிஷத்தைத் தாண்டினால் செவுளும் தோலும் பழுதாகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பத்தாவது நிமிஷம் நல்ல ஜலத்துக்கு மாற்றினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நம் ஊரில் கல் உப்பிலும் அயோடின் கலந்து வருகிறது; பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

அம்மாவின் மஞ்சளுக்கு மட்டும் டாக்டர் சம்மதிக்கவில்லை. ஆனால் நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையைக் கழுவிப் போடலாம் என்றார். தேயிலையில் இருப்பது போன்ற துவர்ப்புச் சத்து அதிலும் உண்டு. தோலுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். 'பார்த்தாயா, இலை மருந்தைத்தான் சொல்கிறாள்' என்று அம்மாவுக்கு அதிலே ஒரு திருப்தி.

சாப்பாடு? மூன்று நாள் ஒன்றும் கிடையாது. லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பெரியவர்கள் சொன்னது மெக்ஸிகோ பிராணிக்கும் பொருந்துகிறது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் போதும் ஒரு பாடம். நான் பில்டரைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கத் தயாராக இருந்தேன். "ஐயோ, வேண்டாம்" என்றார் டாக்டர். அம்மோனியாவைத் தின்று, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிற நல்ல நுண்ணுயிர்கள் அந்தப் பில்டரில்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை வளர்ந்து நிலைக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். குழாய் ஜலத்துக் குளோரினில் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் காலி. தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே லேசாக அலசினால் போதும். தோசைக் கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்க்காத நமக்கு இது புரியாதா?

மரக்கட்டைக்குப் பின்னால் என் விருந்தோம்பல் மிச்சங்கள் அகப்பட்டன. அந்த நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். அது அசையாமல் கிடக்கும். இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் நிற்பேன். செவுள் ஒரு தடவை அசையும். அப்பாடா என்று போய்ப் படுப்பேன். நாலாம் நாள் காலை பஞ்சு தானாகக் கழன்று டப்பின் அடியில் கிடந்தது. வால் நேராகியிருந்தது. சின்ன மண்புழு ஒன்றைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தது. திரும்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை மணி கழித்து மறுபடி நீட்டினேன். 'சர்'ரென்று உறிஞ்சிக்கொண்டது!

வலது செவுளில் பாதி மட்டும் கரைந்து போய்க் குட்டையாகியிருந்தது.

நோட்டுப் புத்தகம்

அவர்கள் திரும்பி வருவதற்கு முதல் நாள் ராத்திரி எனக்கு ஒரு சபலம் தட்டியது. ரோஜா பிழைத்துவிட்டது. ஜலம் 18 டிகிரியில் இருக்கிறது. 'செவுள் தானாகவே இப்படி ஆகிவிட்டது' என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? டாக்டரும் நானும் பேசியது எங்களுக்குள்ளே.

அப்போதுதான் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பிரித்துப் படித்தேன். தினசரி உஷ்ணம், ஜலம் மாற்றிய தேதி, என்ன தின்றது என்று வரிசையாக எழுதியிருந்தான். முதல் பக்கத்தில் வேறொரு பெயர் இருந்தது. ரோஜாவுக்கு முன்னால் ஒன்று வந்து, பதினோரு நாளில் இறந்து போயிருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'தொட்டி தயாராகும் முன் விட்டேன். அம்மோனியா. என் தப்பு.'

பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'என் தப்பு' என்று எழுதியிருக்கிறான். நான் காலேஜில் படித்தவள். பத்திரிகையில் வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்கிறவள்.

மறுநாள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சில்லர், இறால், பச்சை மருந்து, எல்லாவற்றையும். அவன் முகம் சிறுத்துவிட்டது. தொட்டி அருகே போய் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவைக் கொண்டு வந்து நீட்டினான்.

"சித்தி, உங்க கையாலயே எழுதிடுங்க. அடுத்த தடவை பார்த்துக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

குட்டையான செவுள் கொஞ்சம் கொஞ்சமாக வளர ஆரம்பித்தது. இந்தப் பிராணிக்குக் காலை இழந்தாலும் எலும்போடு புதிதாக முளைக்கும். வால், தண்டுவடம், இருதயத்தின் ஒரு பகுதிகூட வளர்ந்துவிடும். அந்த ரகசியத்தை அறியத்தான் உலகத்துப் பரிசோதனைச் சாலைகளில் இதை வளர்க்கிறார்கள். நம்மைவிடப் பத்து மடங்கு நீளமான அதன் மரபணுத் தொகுப்பை 2018-ல் முழுவதும் படித்து முடித்தார்கள். ஆனால் சொந்த ஊரில் நிலைமை பரிதாபம். ஸொச்சிமில்கோவில் 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்த இடத்தில், 2014 கணக்கெடுப்பில் 36தான் தேறின. கால் அறுந்தாலும் முளைக்க வைக்கிற ஜீவனால், ஜலம் கெட்டுப் போனதைத் தாங்க முடியவில்லை. மெக்ஸிகோக்காரர்கள் 2021-ல் தங்கள் 50 பெஸோ நோட்டில் அதன் படத்தை அச்சிட்டார்கள். நோட்டில் இருப்பது வாய்க்காலிலும் இருக்க வேண்டுமே!

கடைசியாக, வாங்க வேண்டும் என்று குழந்தை கெஞ்சினால் என்ன சொல்வது? நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன். மே மாதத்திலும் ஜலத்தை 18 டிகிரியில் வைக்க வீட்டில் வழி உண்டா? கரண்டு போனால் என்ன செய்வீர்கள்? தொட்டியை ஒரு மாதத்துக்கு மேல் காலியாக ஓடவிட்டுத் தயார் செய்யப் பொறுமை உண்டா? பார்க்கத் தெரிந்த டாக்டர் நம்பர் கையில் இருக்கிறதா? இது சர்வதேச ஒப்பந்தத்தில் காவல் பெற்ற பிராணி; 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தை 2022-ல் திருத்திய பிறகு, இப்படிப்பட்ட பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரசீதும் காகிதமும் இல்லாமல் வாங்காதீர்கள். அலுத்துப் போனால் ஏரியில் விட்டுவிடலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள்.

இந்த நாலுக்கும் 'உண்டு' என்று பதில் வந்தால் வாங்குங்கள். வாங்கினால் ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். தெர்மாமீட்டரைத் தினமும் பார்த்து எழுதுங்கள். உடம்புக்கு வந்தால், மருந்து பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் ஜலத்தைப் பாருங்கள்.

அக்கா குடும்பம் மறுபடி ஊருக்குப் போகும்போது சாவி என்னிடம்தான் வந்தது. நோட்டும் வந்தது. இந்தத் தடவை வாசற்படியிலேயே நின்று, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.